‘போட்டுடுவேன்’ என்று ஒரு தாய் சொன்னால்

முப்பத்து நான்கு வயதில் எனக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். பாகூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூட்ட அறையில் கேசரியும் காராபூந்தியும் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணன், "இன்னா மலரு, அதுக்குள்ள பென்ஷன் வாங்கப் போறியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பென்ஷன் இல்லை. வில்லியனூர் பக்கம் ஒரு செவிலியர் பள்ளியில் பாடம் நடத்தப் போகிறேன். ஆனாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் கிராமச் செவிலியர் வேலை எனக்கு அன்றோடு முடிந்தது. அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பவித்ரா சில நாள் கழித்துப் போன் செய்தாள்.

"அக்கா, செல்லுல நாம பதிவு பண்றோம்ல, அதுல புதுசா ஒரு கேள்வி வந்துருக்குது. பெத்து வூட்டுக்கு வந்த அம்மாங்ககிட்ட கேக்கணுமாம். 'குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வருகிறதா?' கீழ ஆமாம், இல்லைன்னு ரெண்டு கட்டம். இத எப்டிக்கா வாய் தொறந்து கேக்கறது?"

"யார்கிட்டயாச்சும் கேட்டியா?"

"ஒருத்தங்ககிட்ட கேட்டேன். அவங்க மாமியாரு, 'இன்னா கேள்விடி இது, எழுந்து வெளிய போ'ன்னுட்டாங்க."

சிரித்துவிட்டேன். பிறகு, போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்காகத் தொடங்கியதுதான் இது. என் மாணவிகளும் படிக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கே எழுதினாலும் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். அப்பா ஏழுமலை கரும்பு வெட்டுபவர். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போவார். நான் செவிலியர் படிப்பு முடித்து வெள்ளைக் கோட்டோடு ஊருக்கு வந்த அன்று அப்பா என்னைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, "இப்ப நடந்து வா" என்று முன்னால் போய் நின்று பார்த்தார். படிப்பைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஆக்சிடோசின் என்று பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். கர்ப்பப்பை விரிவது, பால் சுரப்பது, ரத்தப்போக்கு நிற்பது என்று எல்லாம் கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டன. அந்த ஹார்மோன்கள் தலைக்கும் போகின்றன என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

எங்கள் மருத்துவர் செல்வநாயகி. தெற்கேயிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். தாயைப் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதோடு கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். "நாம நேரம் பார்க்கிறோம்னு தெரிஞ்சா அவங்க பாதியில நிறுத்திடுவாங்க" என்பார். தாய் பாயில் இருந்தால் அவரும் பாயில்தான் உட்காருவார். பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்குள் நுழையும் எல்லோரும் குழந்தையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாம் தாயை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் எங்களுக்குப் போட்ட விதி. காய்ச்சல், ரத்த அழுத்தம், வயிற்றைத் தொட்டுக் கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறதா, ரத்தப்போக்கு எப்படி, தையல், மார்பு, கால் வீக்கம், கடைசியாகத் தூக்கம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் குழந்தையின் துணியை அவிழ்க்கலாம்.

இன்னொரு விதியும் உண்டு. நோயாளி சொன்னதை நம் வார்த்தையில் மாற்றிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பேஷண்ட் மன உளைச்சலா இருக்காங்க டாக்டர்" என்று யாராவது ஆரம்பித்தால், "அது உன் வார்த்தை. அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். "நெஞ்சு அடைக்குதுன்னாங்க டாக்டர்." "சரி, அதைச் சொல்லு."

ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் அவர்தான் எங்களுக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் வாழ்நாளில் வேறெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறுகின்றன. அவை மூளையையும் மாற்றுகின்றன. மூளையின் சில பகுதிகள் கொஞ்சம் மெலிகின்றன, அந்த மாற்றம் பிரசவத்துக்குப் பிறகும் நெடுநாள் நிற்கிறது. இதைக் கேட்டதும் என் பக்கத்திலிருந்தவள், "அதான் டாக்டர், மாசமா இருக்கசொல்ல நான் சாவிய அரிசி டப்பாவுல போட்டுட்டு வூடெல்லாம் தேடனேன்" என்றாள். கூட்டமே சிரித்தது. இன்னொருத்தி பயந்துபோய், "மூள சுருங்கிப் போவுமா?" என்றாள்.

"மெலியறதெல்லாம் கெட்டது இல்ல. தேவையில்லாத இணைப்பைக் கழிச்சு, தேவையானதைக் கூர்மையாக்குது" என்றார் டாக்டர்.

எனக்குச் சட்டென்று அப்பா ஞாபகம் வந்தது. "கரும்புக்குச் சோகை உரிக்கிற மாதிரியா டாக்டர்?"

அவருக்குச் சோகை தெரியவில்லை. காய்ந்த தோகையை உரித்துப் போட்டால் கரும்புக் கொல்லை மெலிந்தது போலத் தெரியும், ஆனால் காற்றும் வெயிலும் உள்ளே போய்க் கரும்பு நன்றாக முற்றும் என்று சொன்னேன். "இதை நான் எடுத்துக்கிறேன்" என்றார். அதன் பிறகு எந்த ஊர்க் கூட்டத்திலும் அவர் சோகை உரிக்காமல் இருந்ததில்லை.

கூர்மை என்பது என்ன என்று நானே ஓர் ஆடி மாதத்தில் கண்டேன். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி ஜன்னலைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை பெற்ற பெண் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் நின்றேன். பக்கத்திலிருந்த குழந்தை அழக்கூட இல்லை, உதட்டைச் சப்பி ஒரு சின்னச் சத்தம் போட்டது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைக்குள் ஒரு காவல்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு ஒலிபெருக்கி கேட்பதில்லை, அந்த ஒரு சத்தம்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காவல்காரன் சில பேருக்கு நிறுத்தாமல் விசில் அடிப்பான் என்பதைச் சந்தியாவிடம் பார்த்தேன்.

சந்தியா தலைப்பிரசவத்துக்காக அபிஷேகப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்தவள். கணவன் வேலுவுக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. புகுந்த வீடு மடுகரையில், சொந்த நிலம், நெல்லும் கரும்பும். பெண் குழந்தை பிறந்தது. முதல் முறை நான் பார்க்கப் போனபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே மாமியார் ராஜலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, தோளில் குழந்தையின் துணிகள் திணித்த பை, காலடியில் பால் பவுடர் டின். சந்தியாவின் அம்மா பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். சந்தியா அறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா நர்சு, நல்ல சமயத்துல வந்த" என்றார் ராஜலட்சுமி. "இவ புள்ளைய கொன்னுடுவேன்றா. எம் பேத்திய நான் எடுத்துனு போறேன்."

"யார்கிட்ட அப்டி சொன்னா?"

"எங்கிட்டதாம்மா" என்றார் பச்சையம்மா. "'புள்ளைய போட்டுடுவேன்னே இருக்குதும்மா'ன்னா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. சம்மந்திக்குப் போன் பண்ணிட்டேன்."

"பேயோ, காத்து சேட்டையோ, இன்னா எழவோ" என்றார் ராஜலட்சுமி. "கொணமாவட்டும், அப்புறம் பாக்கலாம்."

போட்டுடுவேன். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். டம்ளர் கை தவறி விழுந்தாலும் ‘போட்டுட்டேன்’ என்போம். குடித்துவிட்டுத் தெருவில் கத்துகிறவனும் ‘அவனப் போட்டுடுவேன்’ என்றுதான் கத்துவான். சந்தியா எதைச் சொன்னாள்? அம்மா ஒன்றைக் கேட்டுப் பயந்தார், போனில் அது மாமியாருக்குப் போய்ச் சேர்ந்தபோது கொலையாகிவிட்டது. நடுவில் ஒருவரும் அவளிடம் திரும்பக் கேட்கவில்லை.

தனியாகப் பேசியாக வேண்டும். வீட்டாரை அப்புறப்படுத்த டாக்டர் கையாளும் பழைய வழியைப் பிடித்தேன். "எனக்குக் கொஞ்சம் வெந்நீர் வேணும்மா. நல்லா கொதிக்க வெச்சி ஆற வெச்சது. ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. கொழந்தைய எங்கிட்ட குடுங்க, எடை பாக்கணும்."

ராஜலட்சுமி அசையவில்லை. "ஒரு சொம்பு தண்ணி வெக்க ரெண்டு ஆளா? நீ யாரு வூட்டுப் பொண்ணு, இவ்ளோ அதிகாரம் பண்ற?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்களில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். "கரும்பு வெட்டற ஏழுமலை பொண்ணு. மடுகரையிலயும் வெட்டிருக்காரு, ஒங்க கொல்லையிலகூட வெட்டிருப்பாரு. இப்ப இந்த ஊருக்கு நான்தான் நர்சு. வெந்நீர் வெச்சித் தாங்க."

ராஜலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு குழந்தையைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார், பச்சையம்மாவும் பின்னாலேயே போனார். நான் குழந்தையைச் சந்தியாவுக்குப் பக்கத்தில் பாயில் படுக்க வைத்தேன். அவள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

விதிப்படி தாய் முதலில். காய்ச்சல் இருந்தால் அதனாலும் பிதற்றல் வரும், அதனால் அதை இரண்டு முறை பார்த்தேன். இல்லை. அழுத்தம் சரி. வயிறு சரி. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"கொழந்த தூங்கும்போது நீயும் தூங்கறியா?"

"எங்கக்கா. மூச்சு வுடுதான்னு மூக்காண்ட கைய வெச்சினே கெடப்பேன்."

"அம்மாகிட்ட இன்னாவோ சொன்னியாமே. போட்டுடுவேன்னு. போடறதுன்னா இன்னா சந்தியா? கை தவறிப் போயிடும்னா?"

முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். "கை தவறியும்தான்க்கா. பின்னாடி வாய்க்கா மேல பலக போட்டுருக்குதில்ல, அத நெனச்சாலே புள்ள தண்ணில வுழுந்துட்ட மாரி கண்ணுக்கு முன்னாடி தெரியுது. அதோட போனா பரவால்ல..."

"சொல்லு."

"நானே தூக்கிப் போட்டா இன்னா ஆவும்னும் வருது. அருவாமணையப் பாத்தா... வேணாம்க்கா, வாயால சொல்லக் கூடாது. நான் இன்னா ராட்சசியா?"

ஆக, சொல்லின் இரண்டு முகமும் அவளிடம் இருந்தன. பச்சையம்மா முழுக்கத் தப்பாகக் கேட்டுவிடவில்லை. ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அப்டி வரும்போது நீ இன்னா பண்ணுவ?"

"புள்ளைய பாய்ல வெச்சிடுவேன். நான் இந்த மூலையில வந்து கையக் கட்டினு ஒக்காந்துக்குவேன். அருவாமணையப் பரண் மேல போடச் சொல்லிட்டேன். அவங்க எடுத்துனு போவட்டும்க்கா. அங்கயாச்சும் அது உசுரோட இருக்கட்டும்."

"யாராச்சும் காதுல பேசறாங்களா? செய்யி செய்யின்னு?"

"இல்லக்கா."

"இது யாரு கொழந்த?"

"இன்னாக்கா கேள்வி இது? எங் கொழந்த" என்றாள் கோபமாக. அந்தக் கோபம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தோட்டத்துப் பக்கம் போய், அறைக்கதவு என் கண்ணில் படும்படி நின்றுகொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவள் சொன்னதை, அருவாமணை உட்பட, அவள் சொன்னபடியே சொன்னேன். டாக்டர் இடைமறிக்கவில்லை. முடித்ததும், "அந்த எண்ணத்தைப் பார்த்து அவங்க பயப்படறாங்களா, இல்ல அது நியாயம்னு நினைக்கிறாங்களா?" என்றார்.

"பயப்படறாங்க டாக்டர். அழறாங்க."

"சரி. ஓ.பி. முடிச்சதும் வரேன். அதுவரைக்கும் நீ அங்கேயே இரு. குழந்தையைத் தனியா அவங்ககூட விட வேண்டாம், அவங்ககிட்ட இருந்து பிரிக்கவும் வேண்டாம். பால் அவங்களே கொடுக்கட்டும். டின்னைத் திறக்க வேண்டாம்."

சந்தியா குழந்தையைத் தொட மறுத்தாள். "தரையிலதான் ஒக்காந்துனு இருக்கோம். தரையிலேருந்து கொழந்த எங்க போயி வுழப் போவுது?" என்றேன். எதிரில் நெருங்கி உட்கார்ந்து, அவள் கைக்குக் கீழே என் கையைக் கொடுத்தேன். குழந்தை பிடித்துக் குடிக்கத் தொடங்கியது. முதலில் அவள் தோள் கல்லாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பால் இறங்கும்போது ஆக்சிடோசின் சுரக்கும், அது தாயையும் அமைதிப்படுத்தும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதை ஒரு தோளில் பார்த்தது அன்றைக்குத்தான். வெந்நீரோடு வந்த ராஜலட்சுமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் வந்தார். செருப்பு, கடிகாரம், பாய். சந்தியாவிடம் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு பெரியவர்கள் இருவரையும் உட்கார வைத்தார். ஏறியிருந்த ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி விழுந்ததும் மடமடவென்று இறங்கிவிடும், அந்த நேரத்தில் குழந்தையைக் காக்கும் பயம் எல்லாத் தாய்க்கும் கூடும், ஆபத்தெல்லாம் படமாக வந்து போகும், சிலருக்கு அது போகாமல் சிக்கிக்கொள்ளும் என்றார். நான் ஏரி மதகைச் சொன்னேன்: நிரம்பி நின்ற ஏரியை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கரை கொஞ்சம் ஆடத்தானே செய்யும்? பச்சையம்மா தலையாட்டினார். ராஜலட்சுமி ஆட்டவில்லை.

டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார்: "உங்க பையன் பிறந்தப்ப உங்களுக்கு எந்த இடமாவது பயமா இருந்ததா?"

"எனக்கு இன்னா பயம்?" என்றார். பிறகு, "கெணத்தாண்ட போவ மாட்டேன். புள்ள கையில இருந்தா அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். தண்ணி எறைக்க ஆள் வெச்சினோம்" என்றார்.

"எதனால?"

ராஜலட்சுமி சந்தியாவைப் பார்த்தார். சந்தியாவும் அவரைப் பார்த்தாள்.

"காத்து அடிக்கும்னுதான்" என்றார். ஆனால் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

கார் காலியாகத் திரும்பிப் போனது. ராஜலட்சுமி தங்கிவிட்டார். வேலு அன்று மாலையே வந்து சந்தியாவைப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனான். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் வரச் சொன்னார்கள். ஒரே நாளில் குணமாகிவிடவில்லை. பல வாரம் அவள் தரையில் உட்கார்ந்துதான் குழந்தையை வாங்குவாள், எழுவதற்கு முன் யாரிடமாவது கொடுத்துவிடுவாள். அவள் தூங்குவதற்காகச் சம்பந்திகள் இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். பத்தியக் குழம்புக்கு எத்தனை பூண்டு என்று தினமும் சண்டை. "இவங்க ரெண்டு பேரும் போடற சண்டையில எனக்கு பயம்கூட மறந்துடுதுக்கா" என்று சந்தியா ஒரு நாள் சொன்னபோது, அவள் தேறிவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

பவித்ரா, கட்டத்தைத் தொடுவதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த எழுத்துத் தமிழில் கேட்காதே. மாமியாரை வெந்நீருக்கு அனுப்பு. தூக்கத்தைப் பற்றிக் கேட்டு ஆரம்பி. அவள் ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்லுக்கு அவளிடமே பொருள் கேள். அப்படித் தோன்றும்போது என்ன செய்கிறாள் என்று கேள். பயந்து விலகி உட்காருகிறவள் குழந்தையைக் காத்துக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் அவளை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். யாரோ செய்யச் சொல்கிறார்கள் என்றாலோ, இது என் குழந்தை இல்லை என்றாலோ, பேச்சு தடம் மாறினாலோ, அந்த எண்ணம் அவளைப் பயமுறுத்தவில்லை என்றாலோ, அது வேறு நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரி, அதுவரை அவளையும் தனியாக விடாதே, குழந்தையையும் விடாதே. எனக்குத் தெரியவில்லையே என்று நீ தயங்கினாலும் டாக்டரைக் கூப்பிடு. அப்போதும் அவள் சொன்ன சொல்லையே சொல்.

சந்தியாவை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு தடுப்பூசி நாளில். துணை சுகாதார நிலையத்தின் ஜன்னல் வழியாக அந்த வாய்க்கால் தெரியும். சுற்றி வரத் தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் அவள் குறுக்கு வழியில் வந்தாள். குழந்தை இடுப்பில். பலகைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு கால் வைத்து நடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே வந்து குழந்தையை என்னிடம் நீட்டினாள். நன்றாகக் கொழுத்திருந்தது, கையில் நிற்காமல் துள்ளியது. தராசின் துணித் தொட்டிலில் வைக்க நான் அதை உயரத் தூக்கினேன்.

"பாத்துக்கா" என்றாள் சந்தியா, "போட்டுடப் போற."